பெட்ரோல் எழுதிக்கொடுத்த எண்

1970-ல் ஷெவர்லே செவெல் காரில் வந்த 454 கன அங்குல எல்எஸ்6 இன்ஜினின் கம்ப்ரஷன் ரேஷியோ 11.25. மறு ஆண்டு அதே பெயரோடு கார்வெட்டில் வந்த இன்ஜினுக்கு அது 9. ஓராண்டுக்குள் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்களுக்கு இன்ஜின் கட்டும் கலை மறந்துவிடவில்லை. ஊற்றப்போகும் பெட்ரோல்தான் மாறியது. இன்று அந்தக் காலத்து இன்ஜினைப் பிரித்துக் கட்டுபவர்களில் பலர், பழைய கையேட்டில் அச்சான ரேஷியோவை அந்த இன்ஜினின் பிறவிக் குணமாக எண்ணி, அதையே மறுபடி எட்டப் பார்க்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால், அந்த எண்ணை எப்போதும் எரிபொருளே தீர்மானித்து வந்திருப்பது தெரியும்.

ஃபோர்டின் மாடல் டி 4.5 ரேஷியோவில் தொடங்கி, சில ஆண்டுகளில் 4-க்குச் சற்றுக் கீழே இறங்கியது. கார்கள் பெருகப் பெருக, தேவையை ஈடுகட்ட கனமான எண்ணெய்ப் பகுதிகளும் பெட்ரோலில் சேர்ந்தன. தரம் விழுந்தது, ரேஷியோவும் கூடவே விழுந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ இ35 என்ற ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜினைச் செய்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ரேஷியோவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு எரிபொருளையும் ஊற்றி, நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டும் ஓசை) தொடங்கும்வரை ரேஷியோவை ஏற்றிக்கொண்டே போய், எட்டிய உச்ச எண்ணை அந்த எரிபொருளின் பெயருக்கு நேரே குறித்தார். கவனியுங்கள்: இன்ஜின் ஒன்றுதான், எண்கள் பல. எரிபொருள் நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்ட 1926-ல் கிரஹாம் எட்கர் வகுத்த ஆக்டேன் அளவையையும் ரேஷியோவை மாற்றக்கூடிய இன்ஜினில் வைத்துத்தான் இன்றுவரை அளக்கிறார்கள். இதற்கிடையே 1921-ல் டேட்டனில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்பது அன்றே தெரிந்ததுதான். 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் செத்தும் போனார்கள். ஆனாலும் மலிவாக ஆக்டேன் ஏறியது, ரேஷியோவும் ஏறியது. 1949 கேடிலாக்கில் 7.5, அறுபதுகளின் வேகக் கார்களில் 10.5, 11. ஈயம் படிந்தால் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி வீணாகிவிடும் என்பதால், அந்த மாற்றி வருமுன்பே ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1971 மாடல்களின் ரேஷியோவை 91 ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்றபடி இறக்கியது.

இப்போதைய அமெரிக்க பிரீமியமும் 91 முதல் 93 வரைதானே, அறுபதுகளின் 100 எங்கே என்று சிலர் பதறுவார்கள். பாதிப் பதற்றம் கணக்குக் குழப்பம். அன்றைய 100-உம் 1971-இன் 91-உம் ஆராய்ச்சி ஆக்டேன். இன்றைய பம்ப் எண் இருவகை ஆக்டேன்களின் சராசரி. ஆராய்ச்சிக் கணக்கில் பார்த்தால் இன்றைய பிரீமியம் ஏறத்தாழ 96 முதல் 98 வரும். இடைவெளி சிறிதுதான், ஆனால் இருக்கிறது. மஸ்டா 13, 14 ரேஷியோவில் சாதாரண பெட்ரோலிலேயே ஓடுகிறதே என்பது இதைவிட வலுவான கேள்வி. அங்கே பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்பட்டு உள்ளே இருப்பதைக் குளிர்விக்கிறது. நாக்கிங் கேட்ட நொடியில் கணினி ஸ்பார்க்கைத் தள்ளிப்போடுகிறது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய இன்ஜினில் காதுதான் சென்சார். முழு வேகத்தில் அந்தக் காதுக்கும் எதுவும் கேட்காது; தீ வந்து சேருமுன் ஓரத்துக் கலவை தானாக வெடித்து வெடித்து பிஸ்டன் உச்சியை அரித்திருப்பது, ஹெட்டைக் கழற்றும்போதுதான் தெரியும்.

சரி, ரேஷியோவை இறக்கினால் சக்தி போய்விடாதா? 11.25-லிருந்து 9-க்கு இறங்கியபோது எல்எஸ்6-இன் விளம்பரக் குதிரைத்திறன் 450-லிருந்து 425 ஆனது. ரேஷியோவில் போனது ஐந்தில் ஒரு பங்கு, சக்தியில் ஆறு சதவீதம்கூட இல்லை. இன்டேக் வால்வு தாமதமாக மூடும் கேம்ஷாஃப்ட் போட்டால் ரேஷியோவில் இன்னும் சற்று ஏறலாம் என்பது உண்மைதான். ஆனால் அதையும் கணக்குப் போட்டு, அளந்துதான் செய்ய வேண்டும், நம்பிக்கையில் அல்ல. ஹெட்டைக் கவிழ்த்து, கிரீஸ் தடவிய அக்ரிலிக் தகட்டால் மூடி, ப்யூரெட்டிலிருந்து சாயம் கலந்த திரவத்தைத் துளித்துளியாக விட்டு அறையின் கொள்ளளவைப் பார்க்கிறார்களே, அந்த வேலையைத் தவிர்க்க முடியாது. 454-இல் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 930 மில்லி. 11.25 வேண்டுமானால் மேலே மிஞ்ச வேண்டிய இடம் 91 மில்லி. 9 போதுமென்றால் 116. வித்தியாசம் ஐந்து தேக்கரண்டி.