கோப்பின் பெயர் மாறியான வரலாறு

ஒரே வேலையைப் பத்து முறை செய்யுமாறு கணிப்பொறிக்கு ஆணையிடுவது எளிது. பத்துக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த வேலையைச் செய்யச் சொல்வதும் இன்று எளிதே. சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புதிய பெயரைத் துணை நிரலிடம் கொடுத்தால் போதும். ஆனால் ஃபார்ட்ரான் மொழியின் நியமத்தில் முதல் வசதிக்கும் இரண்டாவதற்கும் இடையே 21 ஆண்டுகள் கழிந்தன என்றால் வியப்பாயிருக்கும்.

ஜான் பேக்கஸ் குழுவினர் 1957இல் ஐ.பி.எம். 704 கணிப்பொறிக்காக ஃபார்ட்ரானை வெளியிட்டபோதே சுழற்சிக்கான 'டூ' ஆணை அதில் இருந்தது. கோப்பின் பெயர் என்ற ஒன்றுதான் இல்லை. விவரங்கள் காந்த நாடாக்களில் பதிந்திருந்தன. நாடாவைச் சுழற்றும் பொறிகளுக்கு எண்கள் உண்டு. "5ஆம் நாடாவைப் படி" என்று நிரல் சொல்லும். அந்த 5க்குப் பதிலாக ஒரு மாறியையும் எழுதலாம். ஆகவே எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சில நாடாக்களைச் சுழற்சிக்குள் படிப்பது அன்றே இயன்றது.

ஆனால் 5ஆம் பொறியில் மாட்டியிருப்பது எந்த நாடா? நிரலுக்குத் தெரியாது. சுருளின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்து, நாடாவை மாட்டுபவருக்கே தெரியும். அவர் தவறினால் அரிய விவரங்கள் அழிந்துவிடுமல்லவா? அதற்கும் ஒரு காப்பு இருந்தது. சுருளின் பின்புறத்தில் ஒரு சிறு வளையத்தைப் பொருத்தினால்தான் நாடாவில் எழுத முடியும். வளையம் இல்லையேல் படிக்க மட்டுமே இயலும்.

துணை நிரல்களை எழுதும் வசதி 1958இல் ஃபார்ட்ரான் II உடன் வந்தது. துணை நிரலிடம் மதிப்பைக் கொடுக்காமல், மதிப்பு இருக்கும் நினைவக முகவரியையே கொடுப்பது வழக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2 என்ற எண்ணை அனுப்பி, துணை நிரல் அதை 3 ஆக மாற்றிவிட்டால், அதன்பின் நிரலில் 2 வரும் இடங்களிலும் 3 என்றே கணக்காகிவிடக்கூடும்!

1960களின் நடுவில் வந்த ஐ.பி.எம். 360 வரிசையில் கோப்புகளுக்குப் பெயர்கள் இருந்தன. ஆயினும் ஃபார்ட்ரான் நிரல் அப்போதும் எண்ணையே சொல்லிற்று. எந்த எண்ணுக்கு எந்தக் கோப்பு என்பதை உடன் வைக்கும் கட்டுப்பாட்டு அட்டை சொல்லிற்று. இதைக் குறை என்று ஒதுக்குவது நியாயமன்று. நிரலில் ஓர் எழுத்தையும் தொடாமல் மறுநாள் வேறு கோப்பைக் கொடுக்கலாம். ஆனால் எத்தனை கோப்புகள் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். பத்துக் கோப்புகளுக்குப் பத்து அட்டைகள்.

இதற்கு மாறான வழியில் சென்றது, பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ். அங்கே கோப்பைத் திறக்கும் ஆணை, பெயரை வெறும் எழுத்துச் சரமாகவே பெற்றுக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரல் அச்சரத்தை உருவாக்கிக் கொள்ளலாம். 1979இல் ஏழாம் பதிப்புடன் வந்த ஸ்டீபன் போர்னின் கட்டளை மொழியில், ஓர் உடுக்குறி இட்டால் பொருந்தும் பெயர்களெல்லாம் வரிசையாகச் சுழற்சிக்குள் வந்து நிற்கும். பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் தொல்லை. மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால் ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்து துணை நிரலைச் சேரும்.

ஃபார்ட்ரானுக்கு இந்த வசதியை நியமமாக்கியது 1978இல் ஏற்கப்பட்ட ஃபார்ட்ரான் 77. அதுவரை எழுத்துகளை எண் மாறிகளுக்குள் திணித்துக் காலம் தள்ளினர். இப்போது எழுத்து மாறி வந்தது. பெயரைச் சொல்லிக் கோப்பைத் திறக்கும் ஆணை வந்தது. எண்ணை எழுத்தாக்கி மாறிக்குள்ளேயே எழுதும் முறையும் வந்தது. சுழற்சி எண் 1 என்றால் 'மழை01', 2 என்றால் 'மழை02' எனப் பெயரைச் சமைத்துத் துணை நிரலிடம் கொடுக்கலாம். முன்னால் அந்தச் சுழியம் எதற்கு? அது இல்லாவிட்டால் அகர வரிசையில் 10 என்பது 2க்கு முன்னே போய் அமர்ந்துவிடும்.

ஆனால் பெயரை மாற்ற மறந்தால், பத்துச் சுற்றுகளும் ஒரே கோப்பில் எழுதி முந்தியதை அழித்துவிடும். இரவெல்லாம் ஓடிய கணக்கில் கடைசிச் சுற்று மட்டுமே மிஞ்சும். இங்கே கழற்றி வைக்க வளையமும் இல்லை. அதன் வேலைக்காக, திறக்கும் ஆணையிலேயே 'புதியது' என்று குறிக்க ஃபார்ட்ரான் 77 இடமளித்தது. அப்பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், எழுதாமல் பிழை என்று அறிவித்து நிற்கும்.