கட்டணமற்ற கல்வியும் விலைகொடுத்து வாங்கிய புத்தகமும்

இலங்கையின் கல்வி வரலாற்றை எழுதுவோர் 1945 ஆம் ஆண்டினை ஒரு திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியாற் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி நடைமுறைக்கு வந்தது அவ்வாண்டிலேயாகும். ஆயின், ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்குப் பாடநூல் இலவசமாகக் கிடைத்தது 1980 இலேதான். இடைப்பட்ட 35 ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பாடசாலையின் வாயிலைத் திறந்துவிட்ட அரசு, பிள்ளையின் கையிலிருக்க வேண்டிய பொருளை மட்டும் ஏன் பெற்றோரின் பொறுப்பில் விட்டது? இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளியிற் கற்றற்குரிய பொருள்கள் மிக மலிவானவை. மணலிலே சுட்டுவிரலால் எழுதிப் பழகிய பிள்ளை, பின்னர் ஓலையும் எழுத்தாணியும் ஏந்தியது. பனையோலைக்குப் பஞ்சமில்லாத நாடு அது. இன்றும் நாம் வழங்கும் 'ஏடு தொடக்கல்' என்னும் சொல் அக்காலத்து எச்சமேயாகும். நெடுங்கணக்கும் எண்சுவடியும் ஆத்திசூடியும் நிகண்டும் ஏட்டிலிருந்ததிலும் பார்க்கச் சட்டம்பியாரின் நாவிலும் மாணவரின் நினைவிலுமே அதிகம் இருந்தன. எனினும் பொருள் மலிவாயிருந்தமையாற் கல்வி எல்லோர்க்கும் எட்டியதெனக் கருதுதல் தவறாகும். ஓலை எல்லோர்க்கும் கிடைத்தது, திண்ணை கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளைத் தடுத்தது பொருளின் விலையன்று, சமூகத்தின் வேலியே.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் இந்நிலையை மாற்றினர். 1834 இல் மானிப்பாயில் அவர்களது அச்சகம் இயங்கத் தொடங்கியதும், ஒரே பக்கத்தை ஒரு வகுப்பு முழுவதும் ஒருங்கே வாசிக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. விடுதிப் பாடசாலைகளில் உணவும் உடையுங்கூடக் கொடுக்கப்பட்டன. ஆனால் வாசிப்பதற்குக் கிடைத்தவற்றுட் பெரும்பாலானவை வேதாகமப் பகுதிகளும் சமயப் பிரசுரங்களுமே. காசாகப் பெறப்படாத விலையொன்று அங்கே பெறப்பட்டது எனலாம்.

பேர்சிவல் பாதிரியாருடன் பணியாற்றி மிஷன் கல்வியின் நுட்பங்களை உள்ளிருந்தே கண்டறிந்த ஆறுமுக நாவலர் இதனை நன்குணர்ந்தவர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே பாடசாலையை நிறுவியவர், மறுவருடமே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். பாடசாலை ஒன்றைத் தொடங்கியதும் அடுத்துத் தேவைப்படுவது அச்சகமே என்று அவர் கண்டமை வியக்கத்தக்கது. படிமுறையாக அமைந்த பாலபாடங்கள் அவ்வழி வந்தவையே. நாவலரின் வசனநடையைப் புகழும் நம் ஆய்வாளர், அவரது யந்திரசாலையை அதே அளவுக்கு நோக்கியதாகத் தெரியவில்லை.

அச்சு நூலைப் பெருக்கியது. கூடவே அதனை விற்பனைப் பொருளாகவும் ஆக்கியது. முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேயே உளது. 1945 இல் மிகப் பல பாடசாலைகள் சமய நிறுவனங்களின் கையில் இருந்தன. பாடநூல்களோ தனியார் பதிப்பாளரின் வணிகமாயிருந்தன. ஆசிரியருக்குச் சம்பளம் வழங்கிய அரசு, பாடசாலைக்கும் நூலுக்கும் உரிமையாளனாக இருக்கவில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் கையேற்கப்பட்ட பின்னரும், அரசு பாடநூல் வெளியீட்டிலே தானே ஈடுபட்ட பின்னருமே இலவச விநியோகம் சாத்தியமாயிற்று. அதுவரை ஏழைக் குடும்பங்களுக்கு உதவியது பழைய புத்தகமே. அண்ணனின் புத்தகம் தம்பிக்குச் சென்றது. அவன் அதனைக் கிழியாமற் காத்தாற் பாதி விலைக்கேனும் விற்கலாம். 1972 இற் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது அந்தப் பழைய புத்தகமும் பயனற்றுப் போயிற்று.

மலையகத்தின் நிலை வேறு. தோட்ட நிருவாகங்களின் கீழ், பெரும்பாலும் ஒற்றை அறையில், ஓர் ஆசிரியரே பல வகுப்புகளையும் நடத்திய பாடசாலைகள் அவை. அவற்றை அரசு கையேற்கத் தொடங்கியதே 1977 இல்தான். கட்டணமற்ற கல்விக்கு முப்பது வருடங்களுக்கு மேலாகக் காத்திருந்த அப்பிள்ளைகளுக்குப் பாடநூல் மட்டும் அதிகம் பிந்தாது வந்தது. ஆனால் நூலைக் கற்பிக்கப் போதிய ஆசிரியர் இருக்கவில்லை.

1980 ஆம் ஆண்டின் திட்டத்திலும் ஓர் இடைவெளி இருந்தது. வாசிக்கும் நூலை அரசு வழங்கியது. எழுதும் கொப்பியும் பென்சிலும் குடும்பத்தின் செலவாகவே தொடர்ந்தன. ஆரம்ப வகுப்பிலோ வாசிப்பும் எழுத்தும் பிரிக்க முடியாதவை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இது வெளிப்படையாயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்திற் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன; கொப்பியின் விலை பெருமளவு உயர்ந்தது. வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எழுதுபொருள் வாங்கவென 6,000 ரூபா கொடுப்பனவொன்றை 2025 ஆம் கல்வியாண்டுக்கென அரசு வழங்கியது. கட்டணம் நீக்கப்பட்டு அப்போது ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகியிருந்தன.