ஏரிக்கரையில் ஒரு வீட்டுக் கணக்கு

வீட்டை ஒரே மூச்சில் கட்டி முடிக்க வேண்டும் என்றே கணக்காளனான நான் எண்ணியிருந்தேன். சூரிச் ஏரிக்கரையில், பொலிங்கனில் உள்ள ஒரு வீடு அந்த எண்ணத்தை மாற்றியது.

உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1922 இல் அங்கே காணி வாங்கினார். 1923 இல் தாயார் இறந்த சில மாதங்களில் வட்டக் கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். 1927 இல் நடுக்கட்டடம், 1931 இல் தனிமைக்கு ஓர் அறை, 1935 இல் முற்றம் என நான்காண்டுக்கு ஒருமுறை வீடு வளர்ந்தது. மின்சாரம் வைக்கவில்லை, விறகை அவரே பிளந்தார். 1955 இல் மனைவி எம்மா மறைந்தார். அதன்பின், எண்பது வயதைக் கடந்த நிலையிலும், மேல்மாடி ஒன்றைச் சேர்த்தார். 1961 இல் காலமானார்.

ஊரில் அம்மா விட்டுச்சென்ற வீட்டை, "காசு மொத்தமாகச் சேரட்டும்" என்று பதினெட்டு வருடமாகப் பூட்டியே வைத்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் கூரை ஓட்டையாவது மாற்றிவிட்டு வரப்போகிறேன்.