இடது கைத் தழும்பும் டி அணுக்களும்

நிபோங் திபால்: பைராம் தோட்டமோ பட்டணமோ, நம்மில் பலருக்கு இடது தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு தழும்பு இருக்கும். அது பிறந்தவுடன் போடப்பட்ட பிசிஜி ஊசியின் அடையாளம். இந்நாட்டில் 1961 முதல் இது போடப்படுகிறது. "அதான் ஊசி போட்டாச்சே, காசநோய் எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வரும். காரணம் டி அணுக்களில் இருக்கிறது.

இவை வெள்ளை அணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைகின்றன. 'டி' என்பது தைமஸின் முதல் எழுத்து. அந்தச் சுரப்பியின் வேலையை ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் வெளியிட்டதும் அதே 1961இல்தான்!

காசநோய்க் கிருமி மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் போனதும் அங்குள்ள விழுங்கணுக்கள் அதை விழுங்கிவிடும். மற்றக் கிருமியாக இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். இதுவோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். வேறு சில அணுக்கள் கிருமியின் துண்டுகளை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. அதற்குப் பொருந்தும் டி அணு பல மடங்காகப் பெருகி நுரையீரலுக்கு வர, சில வாரங்கள் பிடிக்கும். வந்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்து, விழுங்கணுக்களுக்குக் கொல்லும் வலுவைத் தருகின்றன. சாகாத கிருமிகளைச் சுற்றி வேலி கட்டப்படுகிறது.

கிளினிக்கில் முன்கையில் ஊசி குத்தி, 2 அல்லது 3 நாள் கழித்து வீக்கத்தை அளக்கிறார்களே, அந்த மாந்தோ சோதனையில் நாம் பார்ப்பது டி அணுக்கள் கூடிய இடத்தைத்தான்.

பிசிஜி இந்த அணுக்களுக்கு முன்கூட்டியே கிருமியை அறிமுகப்படுத்துகிறது. மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து குழந்தைகளை அது நன்றாகவே காக்கிறது. ஆனால், தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி 15 ஆண்டுகள் நடந்த மாபெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது தெரியவந்தது.

கிருமி புகுந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. எச்ஐவி டி அணுக்களையே அழிப்பதால் வேலி உடைகிறது. நம்மவரிடையே அதிகமுள்ள இனிப்பு நீர் நோயும் இந்த ஆபத்தை 2, 3 மடங்காக்கும். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால், தழும்பு இருந்தாலும் சளியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை பொதுவாக 6 மாதம்.