காவிரியில் தண்ணீர் வரும்

ஸ்பானிய மொழி பயிலும் என் மாணவி ஒருத்தி ஓர் ஐயத்தோடு வந்தாள். அம்மொழியில் இறந்தகாலத்தைச் சொல்ல இரு வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒருமுறை வந்து முடிந்தால் ‘பீனோ’. வழக்கமாக வந்துகொண்டிருந்தால் ‘பெனியா’. “நமக்கு ‘வந்தார்’ ஒன்றுதானே ஐயா?” என்றாள்.

மறைந்த அவள் தாத்தாவைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். திருவையாற்றுக்காரர். “விடியுமுன் வயலுக்குப் போவார், மடை திறப்பார், திரும்பும்போது கீரை கொண்டுவருவார்...” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். எல்லாமே எதிர்கால வினைமுற்றுகள்!

முக்காலத்துக்கும் பொதுவான இயற்கையை நிகழ்காலத்துச் ‘செய்யும்’ என்னும் சொல்லால் சொல்லலாம் என்பது தொல்காப்பியம். ‘மலை நிற்கும்’ என்பது உரையாசிரியர்கள் தரும் காட்டு. தாத்தாவின் வழக்கத்தை மலையோடு சேர்க்கலாமா என்று புலவர்கள் சண்டைக்கு வரக்கூடும். எனக்கு இரண்டும் பக்கத்து வீடுகளாகவே தோன்றுகின்றன. பள்ளி இலக்கண அட்டவணையிலோ ‘போவார்’ எதிர்காலம் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

இதே இருவகை இறந்தகாலம் இலத்தீனிலும் உண்டு. அதைக் கற்றவர்கள் காவிரி முகத்துவாரத்துக்கு வந்து தமிழ் வினைகளை எதிர்கொண்டிருக்கிறார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலேயில் அச்சேறியது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே வெளிவந்தது.

கல்வெட்டுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டு ஆணை, தானும் தமக்கையும் தேவியரும் பிறரும் தந்தவற்றையெல்லாம் ‘குடுத்தன’ என்றே பெரிய கோயில் விமானத்தில் பொறிக்கச் சொல்கிறது. கொடுத்தது முடிந்தது, அது ‘பீனோ’. வழக்கத்தின் காலமோ உழவர் வாயில்தான் இருக்கிறது.

மேட்டூர் அணை 1934இல் எழுந்தது. பாசனத்துக்கு அதைத் திறக்கும் நாள் ஜூன் 12 என்பது டெல்டாவின் கணக்கு. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் அந்த நாளில் மதகு திறக்கவில்லை. 2020இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட 2017இன் கோடையில் தாத்தா திண்ணையில் அமர்ந்து சொன்னதாக மாணவி ஒரு வாக்கியத்தை நினைவுகூர்ந்தாள்: “ஜூன் பன்னெண்டுக்குத் தொறப்பாங்க, குறுவை நடுவோம்.”

அதை ஸ்பானியத்தில் எழுதப் பார்த்தாள். முதலில் வழக்க இறந்தகாலம் போட்டாள். அடித்துவிட்டு எதிர்காலம் போட்டாள். அதையும் அடித்தாள்.

“தாத்தா எதைச் சொன்னார் ஐயா?”


எனக்கும் விளங்கவில்லை. வாக்கியத்தைத் தமிழிலேயே விட்டுவிட்டோம்.