புரொபெல்லர் விமானம் ஏன் இடது பக்கம் இழுக்கிறது? விமானியின் வலது காலுக்கு என்ன வேலை?

கடந்த 2025 நவம்பர் 14 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே இந்திய விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார். பொதுமக்கள் யாருக்கும் பாதிப்பு இல்லை. விபத்து குறித்து விசாரணைக்கு விமானப்படை உத்தரவிட்டது.

காரணத்தைச் சொல்ல வேண்டியது விசாரணைக் குழு. ஆனால், இந்த வகை விமானத்தை ஓட்டுவது ஜெட் விமானத்தை ஓட்டுவது போல இல்லை. முக்கியக் காரணம், மூக்கில் சுற்றும் புரொபெல்லர்.

காற்று நேராகப் போகாது

புரொபெல்லர் காற்றைப் பின்னால் தள்ளுகிறது, அதனால் விமானம் முன்னால் போகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காற்று நேராகப் போகாமல், ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொண்டு விமானத்தின் உடலைச் சுற்றிப் பின்னால் பாயும்.

பிசி-7 உள்ளிட்ட பல விமானங்களில், விமானி இருக்கையில் இருந்து பார்த்தால் புரொபெல்லர் கடிகார முள் திசையில் சுற்றும். அப்போ அந்தச் சுழல் காற்று வால் துடுப்பின் இடது பக்கத்தில் மோதும். வால் வலது பக்கம் தள்ளப்படும், மூக்கு இடது பக்கம் திரும்பும்.

இன்னும் இரண்டு காரணங்கள்

ஒன்று, எதிர்முறுக்கு. எஞ்சின் புரொபெல்லரை வலமாகச் சுற்றும்போது, விமானத்தின் உடல் இடது பக்கம் சாயப் பார்க்கும். துளை போடும் டிரில் மெஷின் கையைத் திருப்புமே, அதே கதைதான்.

இரண்டு, மூக்கைத் தூக்கி மேலே ஏறும்போது, வலது பக்கம் கீழிறங்கும் பிளேடு காற்றை அதிகமாகக் கடிக்கும். வலது பக்கம் இழுவிசை கூடும், மூக்கு மறுபடியும் இடது பக்கமே திரும்பும். கோவளம், மாமல்லபுரம் கரையில் ஃபைபர் படகு ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. அவுட்போர்டு மோட்டாரின் கைப்பிடியும் ஒரு பக்கமாக இழுக்கும்.

எப்போது ஆபத்து?

வேகம் குறைவு, எஞ்சின் சக்தி அதிகம் என்ற நிலையில்தான் இந்த இழுப்பு உச்சத்தில் இருக்கும். டேக்-ஆஃப் நேரம் அப்படித்தான். அதனால் விமானி வலது கால் பெடலை அழுத்தி, ரடர் எனப்படும் வால் சுக்கானைத் திருப்பிச் சமன் செய்வார்.

அதைவிடச் சிக்கலானது, தரையிறங்கும் கடைசி நொடியில் முடிவை மாற்றி மீண்டும் மேலே ஏறுவது. தரைக்கு மிக அருகில், குறைந்த வேகத்தில், திடீரென முழு சக்தி கொடுக்கப்படும். கால் தாமதித்தால் விமானம் பக்கவாட்டில் சறுக்கும், ஒரு இறக்கை சாயும். சுதாரித்துக்கொள்ள உயரம் இருக்காது.

சீரான வேகத்தில் பறக்கும்போது இழுப்பு வெகுவாகக் குறையும். சக்தியைக் குறைத்து வேகமாகக் கீழே இறங்கும்போது தலைகீழ். அப்போ இடது கால் தேவைப்படலாம்.

இந்தக் காற்றால் நன்மையும் உண்டு

வேகம் குறைவாக இருந்தாலும் புரொபெல்லர் காற்று வாலின் மீது பாய்வதால், சுக்கான் நன்றாக வேலை செய்யும். எஞ்சினை அணைத்தால் அந்த உதவி உடனே போய்விடும்.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருந்து அந்தமானுக்குப் பறந்த ஏஎன்-32, சென்னையில் இருந்து தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் விமானங்களில், புரொபெல்லர்கள் இரண்டும் இறக்கைகளில் இருக்கின்றன. அந்தக் காற்று இறக்கை மீது பாய்ந்து கூடுதல் தூக்குவிசை தரும். ஆனால் ஒரு எஞ்சின் நின்றால் அந்தப் பக்கம் இழுவிசையோடு தூக்குவிசையும் குறையும். அதனால்தான் நின்றுபோன புரொபெல்லரின் பிளேடுகளைக் காற்றைக் கிழிக்கும் வாக்கில் திருப்பிவிடுவார்கள். இல்லைனா அது பிரேக் போலத் தடுக்கும்.

பயிற்சி ஏன் இதில் தொடங்குகிறது?

பிசி-7 ரகத்தில் 75 விமானங்களை வாங்க 2012-ல் இந்தியா ஒப்பந்தம் செய்தது. விமானப்படையில் சேரும் இளைஞர்களின் அடிப்படைப் பயிற்சி இதில்தான் நடக்கிறது. விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. பின்னாளில் ஜெட் ஓட்டப்போகிறவரும் முதலில் இங்கே கையையும் காலையும் ஒன்றாக இயக்கப் பழகுகிறார். சக்தியைக் கூட்டும்போதே வலது கால் தானாக அழுத்த வேண்டும். யோசித்துச் செய்ய அங்கே நேரம் இருக்காது.