கார்ச் சட்டத்தின் கதை



மூவார் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் எழுந்து சீவிய ரப்பர்ப் பால், ஊர் ஊராக டயராக உருண்டது. தேய்ந்த டயரை அறுத்தால் உள்ளே நூல் அடுக்குகள் தெரியும். ரப்பர் மட்டும் இருந்தால் உப்பி வெடித்துவிடும். நூல் மட்டும் இருந்தால் காற்று நிற்காது. நூல் இழுவிசையைத் தாங்குகிறது. ரப்பர் நூலைக் கட்டிப் பிடிக்கிறது. மண்சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைத்த நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். இவ்வாறு சேர்ந்து உழைப்பதைக் கூட்டுப்பொருள் என்கிறோம். காரைத் தாங்கும் சட்டமே இத்தகைய பொருளாக மாறியது எப்படி என்று இன்று பார்ப்போம்.

தொடக்ககாலக் கார்களின் சட்டம் ஏணி போன்றது. நீண்ட இரண்டு இரும்புகளும் குறுக்குக் கட்டைகளும்தான் அது. 1948-இல் லண்டனில் பொறியியல் படித்த காலின் சாப்மன் என்ற இளைஞர், பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் பிரித்து, ஒட்டுப்பலகையும் அலுமினியமும் கொண்டு அதற்குப் புது உடல் அமைத்தார். அதுவே முதல் லோட்டஸ் கார். 1957-இல் வெளிவந்த லோட்டஸ் எலீட் காருக்குத் தனிச் சட்டமே இல்லை. கண்ணாடி இழையாலான கூடே பாரத்தைச் சுமந்தது.

அடுத்து வந்தது கார்பன் இழை. 1961-இல் ஜப்பானிய அறிஞர் அகியோ ஷிண்டோ, ஒருவகைச் செயற்கை நூலைச் சூட்டில் கரியாக்கி இழை செய்தார். அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடம் அதற்குப் பெரும் வலிமை ஊட்டியது.

1981-இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் பந்தயக் காருக்குக் கார்பன் இழைச் சட்டம் பொருத்தப்பட்டது. மோதினால் பொடியாகிவிடும் என்று பலர் அஞ்சினர். அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் அந்தக் கார் தடுப்பில் மோதியது. எஞ்சின் பிய்ந்து போயிற்று. ஓட்டுநர் ஜான் வாட்சனோ காயமின்றி எழுந்து நடந்தார். அச்சம் அன்றே நீங்கியது.

பின்னர் இவ்வித்தை சிறு கொட்டகைகளுக்கும் வந்தது. நுரைப்பலகையின் இருபுறமும் கார்பன் துணியை விரித்து, எப்பாக்சிப் பிசினைப் பூசி, பிளாஸ்டிக் உறையால் மூடிக் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். முழுமையாக உறிஞ்சினால், வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் அழுத்துகிறது. பாலுக்கு அமிலம் விடுவதுபோல, பிசினுக்கு இறுக்கும் மருந்தும் அளவாகக் கலக்க வேண்டும். அளவு தவறினால் பிசின் சரியாக இறுகாது.

ஆனால் எச்சரிக்கை தேவை. இரும்பு வளைந்து அபாயத்தைக் காட்டும். கார்பனோ திடீரென முறியும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். இருக்கை வாரும் சக்கரத் தாங்கிகளும் பொருந்தும் இடங்களை உலோகம் வைத்துப் பலப்படுத்தாவிட்டால், உயிருக்கே ஆபத்து. அறுக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

கொட்டகையில் பிறந்த லோட்டஸ் நிறுவனத்தை 1996-இல் நமது புரோட்டோன் வாங்கி, 2017 வரை வைத்திருந்தது. மூவாருக்கு அண்டை மாநிலமான மலாக்காவின் பத்து பெரெண்டாமில், 1990-இல் நிறுவப்பட்ட சி.டி.ஆர்.எம். நிறுவனம் விமானங்களுக்குக் கூட்டுப்பொருள் உறுப்புகளைச் செய்துவருகிறது.

பெற்றோர்களே, இத்தொழிலுக்கு வேண்டியவை கணக்கு, வேதியியல், பொறுமை ஆகிய மூன்றுமே. பொறுமையும் அளவறிவும் பால் சீவிய குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. மற்ற இரண்டையும் பிள்ளைகள் பள்ளியில் பெறட்டும்.